சாயத் தண்ணீரை ஓடையில் விடுகிறவனுக்கு ஜெயில் உண்டா, இப்போது வெறும் அபராதம்தானா?

வாய்க்கால்கரை (கேள்வி)

எங்கள் தோட்டம் ஈரோட்டுப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. மஞ்சளும் வாழையும்தான் வெள்ளாமை. தோட்டத்துக்கு மேலே கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய விசைத்தறி ஷெட் கிடந்தது, அதை யாரோ வாடகைக்குப் பிடித்து சாயப்பட்டறை ஆக்கிவிட்டார்கள். பெயர்ப்பலகை கிடையாது. பகலில் பூட்டியே இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் சத்தம் கேட்கும், விடிகாலையில் ஓடையைப் பார்த்தால் ஒரு நாள் கருநீலம், ஒரு நாள் ரத்தச் சிவப்பு. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம், தொட்டியில் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் மழையோடு மழையாகத் திறந்துவிடுகிறார்கள்.

கிணற்றுத் தண்ணீர் முன்னால் நன்றாகத்தான் இருந்தது. இப்போது டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு) மீட்டரை விட்டால் 3,000-க்கு மேல் காட்டுகிறது. மஞ்சள் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. கட்டுத்தரை மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். வந்து பார்த்தார்கள், கொஞ்ச நாள் சத்தம் அடங்கியது, அப்புறம் பழையபடி ஆரம்பம். டீக்கடையில் ஒருத்தர் சொல்கிறார், "இந்தச் சட்டத்தில் இருந்த ஜெயில் தண்டனையை எல்லாம் எடுத்துட்டாங்க, இனி காசைக் கட்டிட்டு எவன் வேணாலும் எதை வேணாலும் விடலாம்" என்று. நிஜமா? உண்மையில் இதற்கு என்னதான் தண்டனை, நான் யாரைப் பிடித்தால் நடக்கும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோர்ட்வாசல்

டீக்கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. ஆனால் உங்கள் விஷயத்துக்கு அந்தப் பாதி அவ்வளவாகப் பொருந்தாது.

அவர் சொல்வது 1986-ம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதில் 15-வது பிரிவில் 5 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. 2023-ல் ஜன் விஸ்வாஸ் என்று ஒரு சட்டம் கொண்டுவந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட சட்டங்களில் சின்னதும் பெரியதுமாக இருந்த சிறைத் தண்டனைகளைப் பணத்தண்டமாக மாற்றினார்கள், அதில் இதுவும் போய்விட்டது. இப்போது 10,000 ரூபாயில் இருந்து 15 லட்சம் வரை. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு இன்னும் 10,000 வரை. 2024 ஏப்ரல் 1-ல் இருந்து இதுதான் நடைமுறை. கோர்ட்டே கிடையாது, அரசு நியமிக்கிற தீர்ப்பு அதிகாரி ஒருவர் விசாரித்துத் தொகையை முடிவு செய்வார். விதித்த தண்டத்தை 90 நாளில் கட்டாவிட்டால் மட்டும் 3 வருடம் வரை சிறை, அல்லது அந்தத் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது ஊரைக் கெடுத்ததற்கு ஜெயில் இல்லை, பில்லைக் கட்டாததற்கு ஜெயில். இதில் இன்னொரு கூத்தும் உண்டு: அரசுத் துறையே மீறினால் அந்தத் துறைத்தலைவருக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் தண்டம்!

சரி, உங்கள் விஷயம் தண்ணீர். அதற்குத் தனியாக 1974-ம் வருடத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஓடையிலோ கிணற்றிலோ கழிவை விடக்கூடாது என்பது 24-வது பிரிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது அனுமதி, வாங்காமல் ஆலை நடத்தக்கூடாது, கழிவை வெளியே விடக்கூடாது என்பது 25-வது பிரிவு. எதை மீறினாலும் குறைந்தது ஒன்றரை வருடம், கூடியது 6 வருடம் சிறை, அதோடு அபராதமும். இரண்டாவது தடவை மாட்டினால் 2-ல் இருந்து 7 வருடம்.

இதையும் 2024-ல் திருத்தி பெரும்பாலானவற்றைப் பணத்தண்டமாக்கினார்கள், வாஸ்தவம். ஆனால் தண்ணீர் மாநில விஷயம் என்பதால் அந்தத் திருத்தம் முதலில் இமாச்சலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் இவற்றுக்கு மட்டும்தான் வந்தது, மற்ற மாநிலம் எதுவாக இருந்தாலும் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். இதைவிட முக்கியமாக, இசைவாணை இல்லாமல் ஆலை நடத்தினால் சிறை என்பதை அந்தத் திருத்தமும் எடுக்கவில்லை. பெயர்ப்பலகை இல்லாத ஷெட் என்கிறீர்கள், இசைவாணை இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அதை நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சர்வே நம்பரைப் போட்டு, இந்த இடத்தில் சாயப்பட்டறைக்கு இசைவாணை கொடுத்திருக்கிறீர்களா, என்று ஆய்வு செய்தீர்கள், அறிக்கை நகல் கொடுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். "இல்லை" என்று எழுத்தில் வந்தால் உங்கள் கேஸில் பாதி முடிந்தது.

---

நொய்யல்காரன்

மேலே வக்கீல் சார் சொன்னது எல்லாம் சட்டப் புத்தகத்தில் இருப்பது. நான் ஒரத்துப்பாளையம் பக்கத்து ஆள், நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பாசனத்துக்கு என்று நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். அது திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கி வைக்கிற தொட்டியாகப் போயிற்று. தென்னை காய்ந்தது, போர் தண்ணீர் உப்பானது, அணையில் தண்ணீர் நின்றால் சந்தோஷப்படவேண்டிய விவசாயி, அதைத் திறக்காதே என்று போய் மறியல் செய்தான். ஆயக்கட்டுக்காரர்கள் சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போனது. 2006 டிசம்பரில் கோர்ட் சொன்னது என்ன தெரியுமா? 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாதபடி செய்யவேண்டும், அதுவரைக்கும் வெளியே விடுகிற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசா, அப்புறம் 8 பைசா, அப்புறம் 10 பைசா கட்டவேண்டும் என்று. ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் விடுகிற பட்டறைக்கு 6,000 ரூபாய். எக்ஸ்போர்ட் ஆர்டரில் ஓடுகிறவனுக்கு அதெல்லாம் ஒரு செலவா? சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார்கள், 2009-ல் அங்கேயும் தோற்றார்கள், அப்புறமும் ஆறு கலரில்தான் ஓடியது.

கடைசியில் சங்கம் கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட்டது. 2011 ஜனவரி 28-ம் தேதி ஹைகோர்ட் எல்லாப் பட்டறையையும் மூடு, கரண்டைப் பிடுங்கு என்றது. ஒரே உத்தரவில் எழுநூறுக்கு மேல் பட்டறையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் நின்றன. அன்றைக்குத்தான் திருப்பூர் திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம்தான் அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, ஆவியாக்கி, உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்ப எடுக்கிற மெஷினெல்லாம் உருப்படியாக ஓட ஆரம்பித்தது. இதில் ஜெயிலுக்குப் போன முதலாளி யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே தம்பி, ஜெயிலைக் கனவு காணாதீர்கள். ஈபி லைனைக் கட் பண்ணுகிறதுதான் ஒரே தண்டனை.

அந்த மூடலில்தான் நிறையப் பேர் ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் என்று ஷெட்டு ஷெட்டாகக் கிளம்பினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓடையில் வருவது ஒருவேளை எங்கள் ஊர் மிச்சமாகவும் இருக்கலாம்.

---

பாலாறு75

இதைவிடப் பழைய கதை எங்களுடையது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப் (தோல் பதனிடுகிற டேனரி) கழிவு. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் பாடம். கெடுத்தவனே காசு கொடுக்கவேண்டும் என்கிற கொள்கை இந்திய சட்டத்தில் வேர்பிடித்ததில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் என்றார்கள், பாதிப்பைக் கணக்கெடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் போடச் சொன்னார்கள். ஆணையம் 2001-ல் கணக்குச் சொன்னது: பாதிக்கப்பட்டவர்கள் 29,000-க்கு மேல், இழப்பீடு 26 கோடிச் சொச்சம். வகுத்துப் பாருங்கள், சராசரியாகத் தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. நிலமே போனவனுக்கு!

அதுவும் எல்லாருக்கும் போய்ச்சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி ஒரு தீர்ப்புக் கொடுக்க வேண்டியிருந்தது, மிச்ச இழப்பீட்டை முதலில் அரசாங்கம் ஆறு வாரத்தில் கொடு, அப்புறம் டேனரிக்காரர்களிடம் நீ வசூல் செய்துகொள் என்று. 1996-ல் பிறந்த குழந்தைக்கு அதற்குள் குழந்தை பிறந்திருக்கும். அந்த "முதலில் அரசு கொடுக்கட்டும்" என்பது நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் இழப்பீட்டை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

---

ஓய்வுபெற்ற_ஏஇ

சுற்றுச்சூழல் பொறியியல் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன், எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று கேட்கவேண்டாம். சட்டத்தில் தண்டனை பலமாக இருந்தும் ஏன் யாரும் உள்ளே போவதில்லை என்பதற்கு எல்லாரும் லஞ்சம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை, ஆனால் கேஸ் தோற்பதற்குப் பெரிய காரணம் கழிவு மாதிரி எடுக்கிற பாட்டில்.

நீர்ச் சட்டம் 21-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாதிரி எடுக்கப் போகிறோம் என்று அங்கேயே, அப்போதே பட்டறைக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்கவேண்டும். இரண்டுக்கும் சீல் வைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். ஒன்று வாரிய லேபுக்கு, அவர் கேட்டால் இன்னொன்று அதற்கென்று அறிவித்த வேறு லேபுக்கு. வேண்டுமென்றே அவர் ஒதுங்கிப்போனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதன்படி பதிவு செய்யவேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அந்த ரிப்போர்ட்டைச் சாட்சியமாகவே எடுக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு, கேட்டைப் பூட்டிக்கொண்டு நடக்கிற ஷெட்டில் யாருக்கு நோட்டீஸ் கொடுப்பது? ஓடைத் தண்ணீரை எடுத்தால் ஓடை கெட்டிருக்கிறது என்றுதான் நிரூபணம் ஆகும், இவன் கெடுத்தான் என்று ஆகாது. கிரிமினல் கோர்ட்டில் அந்தச் சந்தேகம் போதும், விடுதலை.

அதனால்தான் வாரியமெல்லாம் கிரிமினல் கேஸை விட்டுவிட்டு 33ஏ பிரிவைப் பிடித்துக்கொள்கின்றன. மூடு, கரண்டை வெட்டு, தண்ணீரை வெட்டு என்று உத்தரவு போடுகிற அதிகாரம் அது. கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை. நொய்யல்காரன் சொல்கிற தண்டனை இதுதான்.

இரண்டாவது, சுற்றுச்சூழல் இழப்பீடு. தண்டம் வேறு, இது வேறு. மத்திய வாரியம் 2019-ல் ஒரு சூத்திரம் கொடுத்தது. ஆலை எந்த வகை என்பதற்கு ஒரு எண், சிவப்பு வகை என்றால் 80, சாயப்பட்டறை சிவப்பு வகைதான். அதை மீறல் நடந்த நாட்களால் பெருக்கு, பிறகு ரூபாய்க் காரணியால், வழக்கமாக 250. சின்ன ஆலைக்கு அரை, நடுத்தரத்துக்கு 1, பெரியதற்கு ஒன்றரை. ஊர் மக்கள்தொகைக்கு ஒரு எண், 10 லட்சத்துக்குக் கீழே 1. உங்கள் ஷெட்டுக்குப் போட்டால் 80 × 250 × 0.5 × 1, ஒரு நாளைக்கு 10,000 ரூபாய். எப்படிக் கணக்குப் போட்டாலும் நாளுக்கு 5,000-க்குக் கீழே போகக்கூடாது. நூறு நாள் என்றால் 10 லட்சம். இதை வாரியமே விதிக்கலாமா என்று ரொம்ப நாள் சண்டை நடந்தது, 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், முறையான விதிகளை வகுத்துக்கொண்டு விதிக்கலாம் என்று சொல்லிவிட்டது.

இந்தச் சூத்திரத்தில் நீங்கள் அசைக்கக்கூடிய எண் ஒன்றே ஒன்றுதான், நாட்கள். மீறலை வாரியம் பார்த்துப் பதிவு செய்த நாளில் இருந்து, சரிசெய்துவிட்டான் என்று வாரியம் உறுதி செய்கிற நாள் வரைக்கும்தான் அது ஓடும். நீங்கள் வீட்டு காலண்டரில் குறித்து வைத்த நாள் தானாக அதில் ஏறாது. ஆகவே முதல் ஆய்வு அறிக்கையில் தேதியோடு "கழிவு வெளியேற்றம் கண்டறியப்பட்டது" என்று எழுத வைப்பதுதான் உங்கள் வேலை. ஏற்கெனவே வந்து பார்த்தார்களே, அன்றைக்கு என்ன எழுதினார்கள் என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஒவ்வொரு தடவை கலர் வரும்போதும் மெயிலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள், போனில் சொன்னதெல்லாம் காற்றில் போய்விடும்.

இன்னொன்று, எல்லாரும் கலரைத்தான் பார்க்கிறார்கள். நிலத்தைக் கொல்வது கலர் இல்லை, உப்பு. சாயம் துணியில் ஏற உப்பைக் கொட்டித்தான் ஆகவேண்டும். கலரைப் பிளீச்சிங் போட்டு நீக்கிவிட்டுக் கண்ணாடி மாதிரி தண்ணீர் விடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு, அதில் உப்பு அப்படியே இருக்கும். ஓடையில் விடும் கழிவுக்கு டிடிஎஸ் 2,100 என்பது வரம்பு. குடிதண்ணீருக்கு 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. உங்கள் கிணறு இரண்டையும் தாண்டிவிட்டது. மீட்டர் ரீடிங் கோர்ட்டில் நிற்காது, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட லேபில் பணம் கட்டிக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வையுங்கள்.

---

ஜாப்வொர்க்மணி

எல்லாரும் பட்டறைக்காரனைத் திட்டுகிறீர்கள், நான் பட்டறைக்காரன். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மெம்பர், கழிவு ஒவ்வொரு லிட்டருக்கும் மீட்டர் ஓடுகிறது, துணி வருமானத்தில் பெரிய பங்கு அங்கேயே போய்விடுகிறது. ராத்திரி ஷெட்டுக்காரனுக்கு அந்தச் செலவு கிடையாது, ஆகவே கிலோவுக்கு ரேட்டைக் குறைத்துச் சொல்கிறான், ஆர்டர் அவனுக்குப் போகிறது. சட்டத்தை மதித்ததற்கு எனக்குத்தான் தண்டனை.

துணியைக் கொடுத்து அனுப்புகிறவனுக்குத் தெரியாதா இந்த ரேட்டில் ஒழுங்காகச் சாயம் போட முடியாது என்று? நல்லாத் தெரியும். அவனை எந்தச் சட்டம் தொடுகிறது சொல்லுங்கள். ஷெட்டை மூடினால் அடுத்த மாதம் வேறு ஊரில் வேறு ஷெட், அதே வின்ச் (சாயம் போடுகிற) மெஷின், அதே வேலையாட்கள். பத்து லட்சம் இழப்பீடு என்று ஏஇ சார் கணக்குப் போட்டாரே, அதை யாரிடம் போய் வாங்குவீர்கள்? அவன் பெயரில் ஒரு சைக்கிள்கூட இருக்காது.

---

நொய்யல்காரன்

மணி, நீங்கள் ஒழுங்காக நடத்துகிறவராக இருக்கலாம். ஆனால் உங்கள் சங்கத்துக்காரர்களுக்கு எந்தெந்த ஷெட் ராத்திரி ஓடுகிறது என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒரு நாளாவது நீங்கள் மனுக் கொடுத்தது உண்டா?

---

ஜாப்வொர்க்மணி

கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த நாள் எனக்கு வருகிற துணியும் நின்றுவிடும். இதைத்தான் சொல்ல வந்தேன்.

---

வாய்க்கால்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. ஏஇ சார் சொன்னபடி முதல் வேலையாக அந்த ஆய்வு அறிக்கையை ஆர்டிஐ-யில் கேட்கிறேன். இரண்டு சந்தேகம். சுற்றுச்சூழல் வழக்குக்கென்றே இருக்கிற பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் சீக்கிரம் முடியும் என்கிறார்களே, அதற்கு வக்கீல் வைத்துச் சென்னைக்கு அலைய எவ்வளவு ஆகும்? இன்னொன்று, மணி அண்ணன் சொன்ன மாதிரி ஆள் ஓடிவிட்டால் என்ன செய்வது? அந்த ஷெட் உள்ளூர் ஆளுடையதுதான், கட்டிடத்துக்காரர் இங்கேயே இருக்கிறார், கேட்டால் "வாடகைக்கு விட்டேன், உள்ளே என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது" என்கிறார்.

---

கோர்ட்வாசல்

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் சேப்பாக்கத்தில் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம். இழப்பீடு எதுவும் கேட்காமல், மூடச்சொல்லிக் கேட்டால் மனுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். இழப்பீடு கேட்டால் கேட்கிற தொகையில் 1 சதவீதம், ஆகவே ஆவேசத்தில் ஒரு கோடி என்று எழுதிவிடாதீர்கள்.

காலக்கெடுவில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். மூடச் சொல்லிக் கேட்கிற மனுவை, பிரச்சினை முதலில் எழுந்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் போடவேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் கொடுப்பார்கள், அதற்கு மேல் கிடையாது. இழப்பீட்டுக்கும் நிலத்தை மீட்டுத் தருவதற்கும் 5 வருடம். அதனால் இரண்டு பரிகாரத்தையும் சேர்த்தே கேட்பதுதான் புத்திசாலித்தனம், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறினால் 3 வருடம் வரை சிறை, 10 கோடி வரை அபராதம், கம்பெனி என்றால் 25 கோடி வரை. பேப்பரில் வந்த செய்தியைப் பார்த்தும் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுக்கலாம், சுப்ரீம் கோர்ட் 2021-ல் அதை உறுதி செய்துவிட்டது. ஆகவே உள்ளூர் நிருபர் யாராவது ஓடையை போட்டோ எடுத்துப் போட்டால் அதுவும் வீண் போகாது.

கிரிமினல் கேஸ்தான் வேண்டும் என்றால் வாரியம் போடாவிட்டாலும் நீங்களே போடலாம், நீர்ச் சட்டம் 49-வது பிரிவு. 60 நாள் முன்னால் வாரியத்துக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு நேராக மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். நோட்டீஸ் போனவுடனே, எங்கே நம் பெயரும் இதில் வந்துவிடுமோ என்று ஆபீஸ் கொஞ்சம் சுறுசுறுப்பாவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை. நாகரிக் சுரக்‌ஷா சட்டம் 152-வது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133. பொதுத் தொல்லையை அகற்று என்று ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) நிபந்தனை உத்தரவு போடலாம். வெறும் மனுதான், கட்டணம் கிடையாது, கோபி ஆர்டிஓவோ ஈரோடு ஆர்டிஓவோ உங்களுக்கு எது வருமோ அங்கே கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தனி ஆளாக மிரட்டல் வாங்காமலும் இருக்கலாம். கிராம சபைத் தீர்மானம் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. புதிய குற்றவியல் சட்டத்தில் 279-வது பிரிவு, தண்ணீரை அசுத்தமாக்கினால் 6 மாதம் அல்லது 5,000 ரூபாய் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சிலர் சொல்வார்கள். பொது ஊற்று, நீர்த்தேக்கம் என்றுதான் அதன் வாசகம், ஓடுகிற தண்ணீர் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதிலேயே தப்பிப்பார். அதில் நேரத்தை விடாதீர்கள்.

கட்டிடத்துக்காரரைப் பற்றி: மனுவில் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். "தெரியாது" என்பதைத் தீர்ப்பாயத்தில் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கட்டும் பார்க்கலாம்.

---

ஜாப்வொர்க்மணி

கட்டிடத்துக்காரர் விஷயத்தில் நான் ஒன்று சொல்கிறேன், இது எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் தோன்றும். அது விசைத்தறி ஷெட் என்கிறீர்கள். அப்படியென்றால் ஈபி சர்வீஸ் தறிக்கு வாங்கினதாக இருக்கும், அவர் பெயரில்தான் இருக்கும். தறிக்கு அரசு மானியம், இலவச யூனிட் எல்லாம் உண்டு. அந்த லைனில் சாயப்பட்டறை ஓட்டினால், வாங்கின காரணத்துக்கு இல்லாமல் வேறு காரணத்துக்குப் பயன்படுத்தினது ஆகிவிடும். மின்சாரச் சட்டம் 126-வது பிரிவு. பொருந்துகிற கட்டணத்தில் இரண்டு மடங்கு, எப்போதில் இருந்து ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய ஒரு வருடத்துக்கும் போடுவார்கள். பில் வாடகைக்காரனுக்கு வராது, சர்வீஸ் யார் பெயரிலோ அவருக்கு வரும்.

இதற்குச் சாம்பிள் பாட்டில் வேண்டாம், லேப் வேண்டாம். உள்ளே தறி இருக்கிறதா, வின்ச் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

---

ஓய்வுபெற்ற_ஏஇ

மணி சொன்னது நல்ல யோசனை, ஆனால் வரிசை முக்கியம். ஈபிக்காரர்கள் முதலில் போய்விட்டால் ஷெட்டுக்காரன் ஒரே ராத்திரியில் மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவான், அப்புறம் வாரியம் வந்து பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, இழப்பீட்டுக் கணக்குக்கு முதல் நாளும் கிடைக்காது. முதலில் வாரியத்தின் ஆய்வு, வெளியேற்றுக் குழாய் வாயிலேயே முறைப்படி எடுத்த சாம்பிள், தேதியோடு அறிக்கை. ஈபி மனு அதற்கு அடுத்த வாரம். மாவட்டப் பறக்கும் படை ராத்திரி ஆய்வுக்கு வருவது உண்டு, அதைக் குறிப்பாகக் கேளுங்கள், "இரவு 10 முதல் 4 மணிக்குள் ஆய்வு செய்யவும்" என்று மனுவில் நேரத்தோடு எழுதுங்கள்.

---

நொய்யல்காரன்

கரண்டை வெட்டினால் ஜெனரேட்டர் வைத்து ஓட்டுவான், பார்த்திருக்கிறோம்.

---

கோர்ட்வாசல்

ஓட்டட்டும். மூடல் உத்தரவை மீறினால் நீர்ச் சட்டம் 41-வது பிரிவு தனிக் குற்றம், பழைய சட்டப்படி அதுவும் குறைந்தது ஒன்றரை வருடம், தொடர்ந்தால் நாளுக்கு 5,000 வரை கூடுதல் அபராதம். அங்கே பாட்டிலும் லேபும் தேவையில்லை, சீல் வைத்த ஷெட்டில் மெஷின் ஓடியது என்பதே குற்றம். ஜெனரேட்டர் ஓடுவதை வீடியோ எடுங்கள், ஷெட் தெரிகிற மாதிரி, தேதி நேரத்தோடு, அவர்கள் இடத்துக்குள் கால் வைக்காமல்.

---

வாய்க்கால்கரை

ஆர்டிஐ மனு எழுதிவிட்டேன். சர்வே நம்பருக்கு விஏஓவைப் பார்க்கவேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஆறேழு பேர் ஆர்டிஓ மனுவில் கையெழுத்துப் போடுகிறோம் என்கிறார்கள், ஒருத்தர் மட்டும் கட்டிடத்துக்காரர் பங்காளி என்று தயங்குகிறார். ஈபி மனுவை இப்போதைக்குக் கையில் வைத்துக்கொள்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.